மயக்க வாயுவும் மனத்தின் தெளிவும்

பல் வைத்தியரின் நாற்காலியிலோ பிரசவ அறையிலோ நைட்ரஸ் ஆக்ஸைடு என்னும் வாயுவைச் சிறிது நேரம் சுவாசித்த ஒருவர், முகமூடி அகற்றப்பட்ட ஐந்தாறு நிமிஷங்களுக்குள் எழுந்து உட்கார்ந்து, தம் பெயரையும் ஊரையும் பிழையின்றிச் சொல்லி, "எனக்கு ஒன்றுமில்லை, நான் புறப்படலாமா?" என்று கேட்பாரானால், அவருக்கு என்ன விடை சொல்வது? பார்வைக்கு எளிதாகத் தோன்றும் இந்தக் கேள்வியை ரசாயனிகளும் மனோதத்துவ அறிஞர்களும் மயக்க மருத்துவ நிபுணர்களும் வெவ்வேறு வடிவங்களில் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். வாயு உடலை விட்டு நீங்கிவிட்டதா என்பது ஒரு விஷயம். அந்த மனிதருடைய கவனமும் ஞாபகமும் கைத்திறனும் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டனவா என்பது முற்றிலும் வேறு விஷயம். முதலாவதை ரசாயன அளவைகளால் நிர்ணயித்துவிடலாம். இரண்டாவதை நிர்ணயிப்பது எத்தனை சிரமமானது என்பதையும், அதற்கு அந்த மனிதருடைய சொந்த அபிப்பிராயம் ஏன் போதிய சாட்சியாகாது என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்த வாயுவை 1772ஆம் ஆண்டில் முதன்முதலாகத் தயாரித்தவர் ஜோசப் பிரீஸ்ட்லி. ஆனால் அதை மனிதன் சுவாசித்தால் என்ன நேரும் என்பதை முறையாக ஆராய்ந்த பெருமை, பிரிஸ்டல் நகரில் தாமஸ் பெடோஸ் நிறுவிய வாயுச் சிகிச்சை நிலையத்தில் பணிபுரிந்த ஹம்ஃப்ரி டேவியையே சாரும். 1799ஆம் ஆண்டில், இருபது வயதே நிரம்பியிருந்த அவ்விளைஞர், அம்மோனியம் நைட்ரேட்டைச் சூடாக்கிப் பெற்ற வாயுவைப் பட்டுப் பையில் அடைத்துத் தாமே பலமுறை சுவாசித்ததோடு, கவிஞர்களான சதேயையும் கோலரிட்ஜையும் உள்ளிட்ட நண்பர் பலரையும் சுவாசிக்கச் செய்து, அவர்கள் உணர்ந்தவற்றை எழுதி வாங்கி, அடுத்த ஆண்டே ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். தலை கிறுகிறுப்பு, விரல் நுனிகளில் இனிய சிலிர்ப்பு, காரணமில்லாத மகிழ்ச்சி, ஓடவும் குதிக்கவும் தூண்டும் ஒரு வேகம் ஆகியவை அவ்வறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. உடல் வலியை ஒழிக்கும் ஆற்றல் இதற்கு இருப்பதாகத் தோன்றுவதால், மிகுந்த ரத்தச் சேதமில்லாத சஸ்திர சிகிச்சைகளில் இது பயன்படக்கூடும் என்ற கருத்தையும் டேவி அந்நூலில் குறிப்பிட்டார். அக்குறிப்பை வைத்திய உலகம் ஏறக்குறைய நாற்பத்தைந்து ஆண்டுகள் கவனியாமல் விட்டுவிட்டது என்பது வருந்தத்தக்க செய்தி.

1844ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் தேதி, அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில், கார்ட்னர் கோல்டன் என்பவர் மக்களின் கேளிக்கைக்காக இந்த வாயுவைச் சுவாசிக்கச் செய்து காட்டிய ஒரு நிகழ்ச்சியில், சாமுவேல் கூலி என்ற இளைஞர் வாயுவின் வேகத்தில் மேடையில் தாறுமாறாக ஓடிக் காலில் பலத்த காயம் பட்டும், அக்காயத்தை உணராமலேயே வந்து அமர்ந்தார். அதைக் கண்ணுற்ற பல் வைத்தியர் ஹொரேஸ் வெல்ஸ், மறுநாளே தாம் வாயுவைச் சுவாசித்துத் தம்முடைய பல் ஒன்றைப் பிடுங்கச் செய்துகொண்டார். ஆனால் 1845 ஜனவரியில் பாஸ்டன் நகரில் அவர் நடத்திய பகிரங்கப் பரிசோதனையில் நோயாளி கூச்சலிட்டுவிடவே, கூடியிருந்தோர் அதை மோசடி என்று ஏளனம் செய்தனர். அந்த நோயாளியோ பிற்பாடு தமக்குப் பெரிய வலி ஏதும் தெரியவில்லை என்று சொன்னதாகக் கூறப்படுகிறது. கூலியின் கால்கள் ஓடின, வலி தெரியவில்லை; பாஸ்டன் நோயாளியின் வாய் அலறிற்று, ஞாபகத்தில் வலி நிற்கவில்லை. உணர்வு, அசைவு, ஞாபகம் ஆகிய மூன்றும் ஒரே திரியில் எரியும் ஒரே சுடரல்ல என்பதையும், ஒன்று தணிகையில் மற்றொன்று தணியாமல் நிற்கக்கூடும் என்பதையும் இவ்விரு நிகழ்ச்சிகளும் அன்றைக்கே தெரிவித்தன. பார்த்தவர்கள் தாம் அதை அறிந்துகொள்ளவில்லை.

இன்னொரு சான்று தத்துவ உலகிலிருந்து வருகிறது. அமெரிக்க மனோதத்துவ மேதை வில்லியம் ஜேம்ஸ், 1882இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், இந்த வாயுவைச் சுவாசித்தபோது பிரபஞ்சத்தின் முரண்பாடுகள் யாவும் கரைந்து ஒன்றாகும் மகத்தான ஞானம் தமக்குச் சித்தித்ததாகத் தோன்றியதையும், அந்நிலையில் பரபரப்பாக எழுதிவைத்த தாள்களைத் தெளிந்தபின் எடுத்துப் படித்தபோது அவை பொருளற்ற பிதற்றலாக இருந்ததையும் நேர்மையுடன் பதிவு செய்தார். மனோதத்துவத்தையே தம் தொழிலாகக் கொண்டிருந்த அத்தகையவராலேயே, வாயுவின் பிடியில் இருக்கும்போது தம் அறிவின் நிலையைச் சரியாக மதிப்பிட முடியவில்லையென்றால், பல் பிடுங்கிக்கொள்ள வந்த சாமானிய மனிதரின் தன்மதிப்பீட்டை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இனி, வாயு உடலில் நுழைந்து வெளியேறும் முறையைக் கவனிப்போம். ஒரு மயக்க வாயு எவ்வளவு விரைவில் வேலை செய்யும், எவ்வளவு விரைவில் விலகும் என்பதை நிர்ணயிப்பது பெரும்பாலும் அது ரத்தத்தில் கரையும் தன்மையே. நைட்ரஸ் ஆக்ஸைடின் கரைதிறன் எண் 0.47, பழைய ஈதருக்கோ அது ஏறக்குறைய 12. மண்ணில் பெய்த மழையைப்போல ஈதர் ரத்தத்திலும் தசையிலும் ஊறித் தேங்கி நெடுநேரம் கசிந்துகொண்டிருக்க, நைட்ரஸ் ஆக்ஸைடோ பாறைமேல் பெய்த மழையாக வந்த வழியே வழிந்தோடிவிடுகிறது. உடல் அதைச் சிதைப்பதும் இல்லை என்றே சொல்லலாம். மிக மிகச் சொற்பமான பகுதி தவிர மற்றதெல்லாம் மாறாமல் மூச்சின் வழியே வெளியேறுகிறது. வாயுவை நிறுத்திய சில நிமிஷங்களில் மூளையிலுள்ள அதன் அளவு பெரிதும் குறைந்துவிடுகிறது. ஆற்றலைப் பொறுத்தவரை இது மிக மெலிந்த மயக்க மருந்து. ஐம்பது சதவிகிதம் பேரை அசைவற்றிருக்கச் செய்யத் தேவைப்படும் அடர்த்தி, சாதாரணக் காற்றழுத்தத்தில் நூறு சதவிகிதத்துக்கும் சற்று மேலே போவதால், பிராணவாயுவைப் பறிக்காமல் இதை மட்டும் கொண்டு முழு மயக்கத்தை உண்டாக்க இயலாது. ஆகவேதான் பல் சிகிச்சையில் 30 முதல் 50 சதவிகிதம் வரையிலும், பிரசவ வலியில் சரிபாதிப் பிராணவாயு கலந்த 'என்டனாக்ஸ்' என்னும் கலவையாகவும் இதைப் பயன்படுத்துகிறார்கள். அக்கலவையை ஒரே உருளையில் அடைத்துத் தரும் முறையை 1961இல் மைக்கேல் டன்ஸ்டல் அறிமுகப்படுத்தினார்.

மூளையில் இதன் வேலை ஓரிடத்தில் நடப்பதன்று. வலி தணிவது பெரும்பாலும் உடலே சுரக்கும் அபினி போன்ற பொருள்கள் தூண்டப்படுவதாலும், தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்புப் பாதைகள் விழிப்பதாலும் நிகழ்கிறது. மயக்கமும் மறதியுமோ, நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உதவும் என்.எம்.டி.ஏ. என்னும் ஏற்பிகளை இவ்வாயு தடுப்பதால் உண்டாகின்றன என்பதை 1998இல் வெளியான ஆய்வு ஒன்று தெளிவாக்கிற்று. புதிய ஞாபகங்கள் உருவாவதற்கு இன்றியமையாதவை அவ்வேற்பிகளே என்பதை நினைவிற்கொண்டால், வலி தணியும் அளவிலேயே ஞாபகசக்தியும் தளரத் தொடங்குவதன் காரணம் விளங்கும்.

மனத்தின் எந்தத் திறன் முதலில் குலைகிறது என்ற வினாவுக்கு முறையான விடை தேடியவர்களுள் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஹன்னா ஸ்டைன்பர்க் அம்மையார் முக்கியமானவர். 1954இல் அவர் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய 30 சதவிகித வாயுவைச் சுவாசித்தவர்களுக்குப் பலவகைப் பரீட்சைகளைக் கொடுத்துப் பார்த்தபோது, எல்லாத் திறன்களும் ஒரே அளவில் பாதிக்கப்படவில்லை என்பதும், பழகிப்போன எளிய கைவேலைகள் ஓரளவு நிலைத்து நிற்க, சிந்தித்து முடிவெடுக்க வேண்டிய சிக்கலான வேலைகளே கூடுதலாகக் குலைகின்றன என்பதும் புலனாயின. டொராண்டோவில் பாரி ஃபௌலரும் அவருடைய சகாக்களும் வேறொரு திசையிலிருந்து இந்தப் பிரச்சினையை அணுகினார்கள். ஆழ்கடலில் மூழ்குபவர்களுக்கு அழுத்தமேறிய நைட்ரஜனால் ஏற்படும் மயக்கத்தைக் கரையில் இருந்தபடியே ஆராய்வதற்கு நைட்ரஸ் ஆக்ஸைடை ஒரு பிரதிநிதியாகக் கொண்ட அவர்கள், எதிர்வினை நேரத்தையும் மூளையின் மின்னலைகளையும் அளந்து, வாயு மனத்தின் அமைப்பை உருக்குலைக்கிறது என்பதைவிட அதன் வேலை முழுவதையும் மந்தப்படுத்துகிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். நேரம் கொடுத்தால் சரியான விடை வரும். அவசரப்படுத்தினால் பிழைகள் மலியும். எதிரே ஒரு குழந்தை சாலையைக் கடக்க ஓடிவரும்போது கால் தடுப்பை மிதிக்கவேண்டிய வாகனவோட்டிக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. ஆதலால் இக்கண்டுபிடிப்பு ஆய்வுக்கூடத்துக்கு வெளியே நமக்கு எல்லாம் சம்பந்தப்பட்டது.

மீட்சியை அளக்கும் முயற்சிகள் இதைவிட நுட்பமானவை. 1969இல் நார்மன் டிரீகரும் அவருடைய சகாக்களும், தாளில் அச்சிட்ட புள்ளிகளைப் பென்சிலால் இணைத்து ஓர் உருவத்தை வரையச் செய்து, தவறவிட்ட புள்ளிகளை எண்ணி மீட்சியை மதிப்பிடும் எளிய முறை ஒன்றை அறிமுகப்படுத்தினார்கள். எண்களுக்கு உரிய குறியீடுகளைக் குறித்த நேரத்துக்குள் எழுதுதல், மினுங்கும் விளக்கொளி எந்த வேகத்தில் தொடர்ந்த ஒளியாகத் தெரிகிறது என்று சொல்லுதல், துளைகளில் சிறு முளைகளைச் செருகுதல், திரையில் தோன்றும் அடையாளத்துக்கு ஏற்ற பொத்தானை அழுத்துதல் எனப் பிற முறைகளும் உண்டு. இவற்றையெல்லாம் கையாண்ட ஆராய்ச்சியாளர்களுள் பின்லாந்தின் காரி கோர்ட்டிலாவின் பெயர் தனித்துக் குறிப்பிடத்தக்கது. ஹாலோதேன் போன்ற மயக்க மருந்துகளைச் சொற்ப நேரம் அளித்த பின்னரும் வாகனமோட்டும் திறன் சில மணி நேரம் குன்றியிருப்பதை, வாகனம் ஓட்டுவதைப்போலவே அமைக்கப்பட்ட இயந்திரங்களின் துணைகொண்டு 1970களில் காட்டிய அவர், 1981இல் 30 சதவிகித நைட்ரஸ் ஆக்ஸைடின் விளைவுகளை அது சுவாசிக்கப்படும்போதும் நிறுத்தப்பட்ட பிறகும் அடுத்தடுத்து அளந்து வெளியிட்டார். சுவாசிக்கும்போது குன்றிய திறன்கள் அரைமணி நேரத்துக்குள் பழைய நிலையை எட்டிவிட்டன என்பதே அதன் சாரம். சிகாகோவில் ஜேம்ஸ் ஜாக்னி குழுவினர் பிற்காலத்தில் பல்வேறு அடர்த்திகளைக் கொடுத்து நடத்திய பரிசோதனைகளும், வாயுவின் அளவு கூடக்கூடப் பாதிப்பும் கூடுவதையும், நிறுத்தியதும் அது விரைவில் மறைவதையும் உறுதிப்படுத்தின.

ஆனால் இம்முடிவுகளைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. ஒரே பரீட்சையை ஒருவர் திரும்பத் திரும்பச் செய்தால், பழக்கத்தினாலேயே அவருடைய தேர்ச்சி உயர்ந்துவிடும். மூன்றாம் முறையும் நான்காம் முறையும் புள்ளிகளை இணைப்பவர், மனம் இன்னும் முழுமையாகத் தெளியாதபோதே, தெளிந்திருந்த முதல் முறையைவிடச் சிறப்பாகச் செய்துவிடக்கூடும். அப்படியாயின் மீட்சி வந்துவிட்டதென்று கணக்கு காட்டும், உண்மையில் வந்திராது. இதைத் தவிர்க்க வேண்டுமானால், வெறும் பிராணவாயுவைச் சுவாசித்த ஒரு குழுவை அருகில் வைத்து அவர்களுடைய முன்னேற்றத்தோடு ஒப்பிடவேண்டும். எது கொடுக்கப்படுகிறது என்பது கொடுப்பவருக்கும் கொள்பவருக்கும் தெரியாமல் இருக்கவேண்டும். நைட்ரஸ் ஆக்ஸைடைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது நிபந்தனையைக் காப்பாற்றுவது கடினம், ஏனெனில் இரண்டு நிமிஷங்களிலேயே சுவாசிப்பவருக்கு அது எதுவென்று தெரிந்துவிடுகிறது. இத்துறையில் வெளியான ஆய்வுகளைப் படிப்பவர், ஒப்பீட்டுக் குழு இருந்ததா என்பதையே முதலில் பார்க்கவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். பரீட்சையின் சிக்கலும் அதேபோல் முக்கியம். எளிய பரீட்சையில் பத்து நிமிஷத்தில் திரும்பிவிட்டதாகத் தோன்றும் திறன், கவனத்தை இரண்டு மூன்று வேலைகளுக்குப் பங்கிடவேண்டிய பரீட்சையில் இன்னும் குறைவாகவே காணப்படலாம். ஆகவே 'மீட்சி' என்று நாம் சொல்வது, எந்தக் கருவியால் அளந்தோமோ அந்தக் கருவியின் அளவுக்கே மெய்யானது.

மீட்சியின் முதல் சில நிமிஷங்களில் இன்னொரு நுண்ணிய அபாயம் உண்டு. ரத்தத்தில் கரைந்திருந்த வாயு பெருமளவில் திரும்பி நுரையீரலுக்குள் வரும்போது, அங்குள்ள பிராணவாயுவை நீர்த்துப்போகச் செய்துவிடக்கூடும். இதை 1955இல் ரேமண்ட் ஃபிங்க் எடுத்துக்காட்டினார். வாயுவை நிறுத்தியதும் சில நிமிஷங்கள் தூய பிராணவாயுவை அளிக்கும் வழக்கம் இதனால்தான் நிலைபெற்றது. அச்சில நிமிஷங்களைச் சோம்பலால் விட்டுவிடும் வைத்தியர், தெளிய வேண்டிய மூளைக்கு அதன் தலையாய உணவையே குறைத்துவிடுகிறார். நெடுநேரம் சுவாசிப்பவர்களின் உடல் வாயுவுக்குப் பழகிவிடுவதும் உண்டு. தொடக்கத்தில் நன்கு தணிந்திருந்த வலி, அடர்த்தி மாறாதபோதும், இரண்டு மூன்று மணி நேரத்தில் ஏறக்குறைய பழையபடி உணரப்படுவதை 1980களில் மனிதரிடம் நடந்த பரிசோதனை காட்டியது. ஆகவே காலத்தைக் குறிப்பிடாமல் அடர்த்தியை மட்டும் சொல்லி விளைவை மதிப்பிடுவது பிழையாகும்.

நோயாளி ஒருமுறை சுவாசித்துப் போய்விடுகிறார். அறுவை அறையில் நாள்தோறும் நிற்கும் வைத்தியரும் செவிலியரும் கசியும் வாயுவை ஆண்டுக்கணக்கில் சுவாசிக்கிறார்களே, அவர்களுடைய மனத்திறன் என்னாகிறது? 1974இல் டேவிட் புரூஸும் அவருடைய சகாக்களும், பத்து லட்சத்தில் 500 பங்கு நைட்ரஸ் ஆக்ஸைடும் 15 பங்கு ஹாலோதேனும் கலந்த காற்றைச் சில மணி நேரம் சுவாசித்தவர்களின் கவனமும் கைத்திறனும் குன்றியதாக அறிவித்தபோது பெரும் பரபரப்பு ஏற்பட்டது. அவ்வளவு மெலிந்த வாயு அப்படிச் செய்யுமா என்று சந்தேகித்த ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள் அதே பரிசோதனையைத் திரும்பச் செய்து பார்த்து, எந்தக் குறைபாட்டையும் காணவில்லை. ஆயினும் அமெரிக்கத் தொழில்நல ஆராய்ச்சி நிறுவனம், 1977இல், வாயு அளிக்கப்படும் நேரத்தில் காற்றில் பத்து லட்சத்துக்கு 25 பங்குக்கு மேல் அது இருக்கலாகாது என்று பரிந்துரைத்தது. பிரிட்டனில் எட்டு மணி நேர வேலைக்கு 100 பங்கு என்பது வரம்பு. தம் முடிவுகள் தாம் தேர்ந்துகொண்ட குறிப்பிட்ட மனிதர்களுக்கே உரியனவாக இருக்கலாம் என்று புரூஸே 1983இல் எழுதினார். தாம் நிறுவியதைத் தாமே திருத்திக்கொள்ளும் இந்த நேர்மையைப் போற்றவேண்டும். வரம்பைத் தளர்த்துவதற்கு அதைக் காரணமாகக் கொள்வதை மட்டும் நான் ஒப்பமாட்டேன்; வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் கருவிகள் மலிவாகக் கிடைக்கும் காலத்தில், ஐயத்தின் பலன் வேலையாளுக்கே சேரவேண்டும்.

வாயு நீங்கியபின்னும் அதன் வேலை நீங்குவதில்லை என்பதற்கு வியப்பூட்டும் சான்றுகள் உண்டு. ஸ்டைன்பர்க்கும் ஆர்தர் சம்மர்ஃபீல்டும் 1957இல், அர்த்தமற்ற அசைகளை மனப்பாடம் செய்தவர்களுக்கு உடனே இந்த வாயுவை அளித்தபோது, அளிக்கப்படாதவர்களைவிட அவர்கள் அவற்றை நன்றாக நினைவுகூர்ந்தார்கள். சுவாசிக்கும்போது கற்பதைக் கெடுக்கும் அதே வாயு, முன்னரே கற்றதன்மேல் புதிய பதிவுகள் வந்து குறுக்கிடாதவாறு தடுத்துக் காத்தது என்பது அவ்விரு ஆராய்ச்சியாளர்களும் தந்த விளக்கம். செயின்ட் லூயிஸ் நகரில் பீட்டர் நாகேலே குழுவினர், வேறு மருந்துகளுக்கு இணங்காத மனச்சோர்வு கொண்ட 20 பேருக்கு ஒரு மணி நேரம் 50 சதவிகித வாயுவை அளித்து, மறுநாளும் சோர்வு தணிந்திருப்பதை 2015இல் அறிவித்தார்கள். 2021இல் வெளியான தொடர் ஆய்வில் 25 சதவிகிதமே ஏறக்குறைய அதே பலனைக் குறைந்த தொல்லைகளோடு தந்தது. ரத்தத்தில் ஒரு துளியும் எஞ்சாத காலத்திலும் மனம் வேறு நிலையில் இருக்கிறது என்றால், மீட்சியை வாயுவின் வெளியேற்றத்தோடு சமமாக எண்ணுவது எவ்வளவு தவறு என்பது விளங்கும்.

நலம் தரும் எச்சங்களே உண்டென்பதில்லை. இவ்வாயு வைட்டமின் பி12இல் உள்ள கோபால்ட்டை ஆக்ஸிஜனேற்றம் செய்து அந்த வைட்டமினின் வேலையை முடக்கிவிடுகிறது. 1956இல் கோபன்ஹேகனில், வில்வாத நோயாளிகளுக்குப் பல நாள் இடைவிடாமல் வாயுவை அளித்தபோது அவர்களுடைய எலும்பு மஜ்ஜை கெட்டதையும், 1978இல் இவ்வாயுவுக்கு அடிமையான பல் வைத்தியர்களின் தண்டுவடமும் நரம்புகளும் பழுதுபட்டு, நடை தள்ளாடி, விரல்கள் மரத்துப்போனதையும் வைத்திய ஏடுகள் பதிவு செய்தன. ஒருமுறை சிகிச்சைக்காகச் சுவாசிப்பவருக்கு இந்த அச்சம் பொதுவாக வேண்டியதில்லை. கேளிக்கைக்காகச் சிறு குப்பிகளில் வாங்கி அடிக்கடி உள்ளிழுக்கும் இளைஞர்களுக்கோ அது மெய்யான ஆபத்து. பிரிட்டன் 2023 நவம்பரில் அத்தகைய உபயோகத்துக்காக இதை வைத்திருப்பதையே குற்றமாக்கியிருக்கிறது.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பல் சிகிச்சைக்கோ வேறு சிறு சிகிச்சைக்கோ நைட்ரஸ் ஆக்ஸைடை மட்டுமே சுவாசித்திருந்தால், அதன்பின் சில நிமிஷங்கள் பிராணவாயு தரப்பட்டதா என்று கேளுங்கள். நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் அரைமணி நேரமேனும் அங்கேயே அமர்ந்திருந்து, வைத்தியர் பார்த்துச் சம்மதித்த பிறகே வண்டியைத் தொடுங்கள். அதனோடு தூக்கம் தரும் ஊசியோ மாத்திரையோ வேறு மயக்க மருந்தோ சேர்ந்திருந்தால் கணக்கே வேறு. அன்று முழுவதும் வண்டி ஓட்டாமலும், பத்திரங்களில் கையெழுத்திடாமலும், துணைக்கு ஒருவர் இல்லாமல் வீடு திரும்பாமலும் இருங்கள்.